நாலாவது பாட்டின் தாளம்

என் தம்பி வெளியிட்ட அல்பத்தில் ஒன்பது பாட்டுகள் இருக்கின்றன. பாட்டு என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்கு. முதன்முதலாக ஒன்றைக் கேட்ட அம்மா, "இது பாட்டோ, ஏச்சோ?" என்று கேட்டார். ராப் என்றால் இப்படித்தான், மனதில் கிடப்பதைத் தாளத்தோடு சொல்வது என்று தம்பி விளக்கினான். ஏசுகிறவன் தாளம் பார்த்தா ஏசுவான் என்று அம்மா திருப்பிக் கேட்டார். அன்றைக்கு நானும் அம்மாவின் பக்கம்தான்.

பதிவு நடந்தது ஓர் அலுமாரிக்குள். 2012ஆம் ஆண்டின் குளிர்காலம். வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்துக்குக் கிட்ட, தண்டவாளத்தைப் பார்த்தபடி இருந்த இரண்டு அறை யூனிற்றில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். தம்பிக்கு ஓர் அறை, அம்மாவுக்கும் எனக்கும் மற்றது. எங்கள் அறையில்தான் சுவரோடு பதித்த பெரிய அலுமாரி இருந்தது. துணி சத்தத்தை விழுங்கும் என்று எங்கேயோ படித்துவிட்டு, அம்மாவின் சேலைகளுக்கு நடுவே அவன் மைக்கைக் கட்டித் தொங்கவிட்டான். வயது இருபத்தொன்று, ஆறடி உயரம். அம்மாவின் கல்யாணக் கூறைச் சேலையின் சரிகை கன்னத்தில் உரச, அவன் முழங்காலை மடித்துக் குந்தியிருந்து உலகத்தைத் திட்டினான். கதவை இழுத்துச் சாத்தினால் லாப்டொப்புக்கு அவனுடைய கை எட்டாது. அதனால் வெளியே நிலத்தில் உட்கார்ந்து சிவப்புப் பொத்தானை அழுத்துவது என் வேலை.

முதல் பாட்டு அவன் வேலைசெய்த குளிர்களஞ்சியத்தைப் பற்றியது. கையுறைக்குள் பத்து விரலும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கும் பாட்டு. இரண்டாவது, பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு நாளில் ஆசிரியை அவனுக்குப் பக்கத்திலிருந்த வெறும் கதிரையைப் பார்த்ததைப் பற்றியது. மூன்றாவது, அம்மாவின் மருந்துப் பெட்டி. ஞாயிறு முதல் சனி வரை ஏழு சின்னக் கதவுகள் உள்ள அந்தப் பெட்டியை வைத்து அவன் ஏழு அடி எழுதியிருந்தான். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். குரலை உயர்த்தவே மாட்டான். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கும். அதை வெட்டிவிட்டால் என்ன என்று கேட்டேன். அதுதான் முக்கியம், விட்டுவிடுங்கள் என்றான். மருந்துப் பெட்டிப் பாட்டைப் பதிவுசெய்த அன்று நான் குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அவனைப் பகிடி பண்ணுவதைக் குறைத்துக்கொண்டேன்.

நாலாவது பாட்டு அப்பாவைப் பற்றியது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் இதைத் தொடங்கினேன். சுற்றி வளைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அப்பா வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்து அதிபர். 2006இல் மாமாவின் உதவியோடு நாங்கள் மூவரும் சிட்னிக்கு வந்தபோது அவருக்கு ஓய்வுபெறக் கொஞ்ச மாதங்களே இருந்தன. பென்ஷன் கடிதம் கைக்கு வந்ததும் வந்துவிடுவேன் என்றார். கடிதம் வருவதற்குள் சண்டை மூண்டு வன்னிக்கான பாதை மூடிவிட்டது. அதற்குப் பிறகு எப்போதாவது ஒருமுறை, எவரிடமாவது கெஞ்சிக் கூத்தாடி, ரெலிபோனில் இரண்டு நிமிடம் பேசுவார். 2009இன் தொடக்கத்தில் ஒரு நாள் பின்னேரம் அவர் எடுத்த அழைப்பை ஒருவரும் எடுக்கவில்லை. ஆளில்லாத நேரம் பேச்சைப் பதிந்துவைக்கும் எங்கள் ஆன்சரிங் மெஷின்தான் அதை வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. முகாம் பட்டியல்களில் தேடினோம், ஆஸ்பத்திரிகளில் விசாரித்தோம், கடிதம் எழுதினோம். இருக்கிறார் என்று சொல்லவும் ஆள் இல்லை, இல்லை என்று சொல்லவும் ஆள் இல்லை.

மெஷினில் இருந்தது இவ்வளவுதான்.

"ஹலோ… ஹலோ. நான்தான். ஒருத்தரும் இல்லையோ வீட்டில?" கொஞ்ச நேரம் இரைச்சல். "சரி. நாங்கள் இன்னொரு இடத்துக்கு மாறுறம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. அம்மாவை மருந்தை விடாமல் போடச் சொல்லுங்கோ." இரண்டு இருமல். "நான் பிறகு எடுக்கிறன்." பிறகு ஒரு சத்தம், டக் என்று. அதோடு முடிந்துவிடும்.

அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தலைக்குத் தோய்ந்து, விளக்கேற்றி, சாம்பிராணி காட்டிவிட்டு, ரெலிபோன் இருந்த மேசையடிக்குப் போவார். பொத்தானை அழுத்துவார். உங்களுக்கு ஒரு பழைய செய்தி இருக்கிறது என்று மெஷினுக்குள் இருக்கும் வெள்ளைக்காரி இங்கிலீஷில் சொல்வாள். அப்புறம் அப்பா பேசுவார். அம்மா நின்றபடியே கேட்டு முடித்துவிட்டு நெற்றிக்குப் பொட்டு வைப்பார். அந்த ஒழுங்கு மாறவே மாறாது. ஒரு கல்யாண வீட்டில் குங்குமத் தட்டோடு வந்த பெண் அம்மாவுக்கு முன்னால் ஒரு கணம் தயங்கி நின்றாள். அம்மா தானே விரலைத் தட்டில் வைத்து எடுத்து, வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டார். சாப்பிடாமல் எங்களை எழுப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இனி நான் செய்த வேலையைச் சொல்கிறேன். எங்கள் யூனிற்றில் குசினிக்கும் ஹோலுக்கும் நடுவே கூரையில் ஒரு புகை அலாரம் இருந்தது. மிளகாய் தாளித்தால் கத்தும். கருவாடு பொரித்தால் கத்தும். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்குக் கட்டாயம் கத்தும். தமிழ்ச் சனம் வாடகைக்கு இருக்கும் வீடுகளில் பாதிக்கு இந்தக் கதை இருக்கிறது. பற்றரியைக் கழற்றிவிட்டு எல்லோரும் நிம்மதியாகச் சமைப்பார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். பிறகு வீட்டைப் பார்வையிட ஏஜன்ற் வருவதாகக் கடிதம் வந்தது. வருகிறவள் அலாரத்தின் பொத்தானை அமுக்கிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். வந்த அன்றுதான் கழற்றிய பற்றரியைத் தேடினேன், காணவில்லை. கடைக்கு ஓட நேரமில்லை. ஆன்சரிங் மெஷினின் அடியில் அதே சதுரப் பற்றரி ஒன்று இருந்தது நினைவுக்கு வந்தது. கழற்றி அலாரத்தில் போட்டேன். ஏஜன்ற் அமுக்கினாள், அது கத்தியது, அவள் ஒரு சரி போட்டுக்கொண்டு போனாள். எனக்கு என் கெட்டித்தனத்தில் பெருமை வேறு. பின்னேரம் அம்மா தாளிக்க, அலாரம் மறுபடியும் கத்தியது. கதிரை போட்டு ஏறி, தலை நனையாமல் குளிக்கப் போடும் பிளாஸ்ரிக் தொப்பியை அதற்கு மாட்டிவிட்டேன். பற்றரி அதற்குள்ளேயே இருந்துவிட்டது. கரண்ட் போனால் அப்பாவின் குரலைப் பிடித்துவைத்திருப்பதற்காக இருந்த பற்றரி அது. எனக்கு அது மறந்தே போயிற்று.

நாலாவது பாட்டுக்கு அப்பாவின் குரல் வேண்டும் என்று தம்பி அம்மாவிடம் கேட்டான். கொப்பரின்ர குரலுக்கு மேளம் அடிக்கப் போறியோ என்று அம்மா சீறினார். அவன் அதோடு பேச்சை விட்டான், எண்ணத்தை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மாமாவோடு முருகன் கோவிலுக்குப் போன நேரம் பார்த்து, மைக்கையும் இரண்டு போர்வைகளையும் எடுத்துக்கொண்டு ரெலிபோன் மேசையடிக்கு வந்தான். குரலைத் தனியாக எடுத்து வெட்டி ஒட்ட அவன் விரும்பவில்லை. அப்பா பேசப் பேச, அவர் விடும் இடைவெளிகளில் தான் பதில் சொல்ல வேண்டும், இரண்டு குரலும் ஒரே மூச்சில் பதிவாக வேண்டும் என்றான். அவனுக்கு அது பாட்டு இல்லை, எடுக்காமல் போன ரெலிபோனை எடுப்பது.

முதலில் ஒரு சோதனை செய்தோம். நான் போர்வையைக் கூடாரம்போல் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா ஹலோ சொன்னார். ஒருத்தரும் இல்லையோ வீட்டில என்று கேட்டார். தம்பி கண்ணை மூடிக்கொண்டு, குரலை உயர்த்தாமல், பதில் சொன்னான்.

"இல்லை அப்பா. நான் பள்ளிக்கூடம், அம்மா டொக்டரிட்ட, அக்கா வேலையில. உங்களுக்கு ரெலிபோன் மட்டும்தான் வீட்டில."

  அந்த நேரம் பார்த்து பரமற்றாப் பக்கமாக ஒரு ரயில் போனது. யன்னல் அதிர, அம்மாவுக்கு மருந்தைப் பற்றி அப்பா சொன்ன வரி அதற்குள் அமுங்கிப்போனது. இருமல் கேட்டது. நான் பிறகு எடுக்கிறன் கேட்டது. டக் கேட்டது.

இது சரிவராது, மெஷினையே அலுமாரிக்குள் கொண்டுபோவோம் என்றான் தம்பி. பிளக்கைக் கழற்றினால் அழிந்துவிடாதா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். உள்ளே பற்றரி இருக்கிறது, அழியாது, மெஷினோடு வந்த புத்தகத்தில் படித்துவிட்டேன் என்றான். நான் குனிந்து பிளக்கை இழுத்தேன். பற்றரியைக் கழற்றியதும் இந்தக் கைதான், பிளக்கை இழுத்ததும் இந்தக் கைதான். இரண்டுக்கும் நடுவே என் மூளை எங்கே போயிருந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அலுமாரியடியில் பிளக்கைப் போட்டதும் மெஷினின் சின்னக் கண்ணாடியில் பன்னிரண்டு மணி என்று மினுங்கத் தொடங்கியது. உள்ளே இருக்கும் வெள்ளைக்காரி திகதியையும் நேரத்தையும் சரிசெய்யச் சொன்னாள். தம்பி பொத்தானை அழுத்தினான். செய்தி எதுவும் இல்லை என்றாள். அவன் திரும்பத் திரும்ப அழுத்தினான். எனக்கு அழுத்திப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மினுங்குவதைக் கண்டபோதே கூரையில் தொப்பி போட்டிருந்த அலாரம் ஞாபகம் வந்துவிட்டது. அவனிடம் சொன்னேன். அவன் என்னை ஏசவில்லை. சேலைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

அம்மா கோவிலால் வந்து எங்கள் இரண்டு பேருக்கும் திருநீறு பூசிவிட்டார்.  வெள்ளிக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

புதன்கிழமை வேலையால் வந்ததும் தம்பி ஹெட்போனை என் காதில் மாட்டினான். சோதனையாகப் பதிவானதை வைத்தே பாட்டை முடித்துவிட்டதாகச் சொன்னான். ரயிலும் இருக்கட்டும், அதுவும் எங்கள் வீடுதானே என்றான். பாட்டு மெதுவாகத் தொடங்கியது. அடியில் ஒரு கனமான ஒலி, அதற்கு மேலே ஒரு தட்டு, டக், டக், டக். எலும்பில் படுகிற மாதிரி இருந்தது. அந்தத் தட்டை எங்கேயிருந்து எடுத்தாய் என்று கேட்டேன்.

"அது அப்பான்ர கோல் கடைசியில வாறது அக்கா. லைன் கட்டாகிற சத்தம். அதை மட்டும் வெட்டி எடுத்து டிரம் ஆக்கினனான். எல்லாப் பாட்டுக்கும் இதையே போடப் போறன்."

நன்றாயிருக்கிறது என்று சொல்லி ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தேன். லைன் கட்டாகிற சத்தம் இல்லை அது. ரிசீவரை நான் தூக்கிய சத்தம்.

அன்றைக்கு நான் வீட்டில் இருந்தேன். வெஸ்ட்மீட்டில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குவது என் வேலை. விடியற்காலையில் தொடங்கி மத்தியானத்தோடு முடியும். அந்த வேலையால் வந்து படுத்திருந்தேன். அந்த நாட்களில் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் அன்ரி ஒருவர் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று பின்னேரம் தவறாமல் ரெலிபோன் எடுப்பார். சாதகம், உயரம், படிப்பு என்று ஒரு மணித்தியாலம் போகும். ரெலிபோன் அடித்தபோது அவர்தான் என்று நினைத்து, தலையணையைத் தூக்கிக் காதில் அமுக்கிக்கொண்டு கிடந்தேன். மெஷின் எடுத்தது. ஓர் ஆண் குரல் கேட்டது. அன்ரி மாப்பிள்ளையையே பேச விட்டுவிட்டார் என்று எனக்குக் கோபம் வந்தது. மருந்து என்ற சொல்லில்தான் அப்பா என்று தெரிந்தது. எழுந்து ஓடினேன். நான் பிறகு எடுக்கிறன் என்று அவர் சொல்லி முடிக்கவும் நான் ரிசீவரைத் தூக்கவும் சரியாக இருந்தது.

அம்மாவும் தம்பியும் வந்தபோது, வேலை முடியப் பிந்திவிட்டது, இப்போதுதான் வந்தேன், மெஷினில் லைற் மினுங்கிக்கொண்டு இருந்தது என்று சொன்னேன். அப்போது அது ஒரு சின்னப் பொய். அப்பா பிறகு எடுப்பார்தானே, அப்போது எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துச் சொன்ன பொய். அவர் எடுக்காமல் விட, அது நாளாக நாளாகப் பெருத்தது. ஆஸ்பத்திரியில் தட்டுகளுக்கு மூடி போடும்போதெல்லாம் டக் என்று கேட்கும். ஒரு நாளைக்குச் சில நூறு மூடிகள் போடுவேன். போதாதென்று இப்போது தம்பி அதைப் பாட்டுக்கும் தாளமாக்கிவிட்டான்.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா தோய்ந்தார், விளக்கேற்றினார், சாம்பிராணி காட்டினார். நான் குசினியில் தேத்தண்ணீர் போடுவதுபோல நின்றேன். தம்பி வேலைக்குப் போய்விட்டான், வேண்டுமென்றே கொஞ்சம் நேரத்தோடு. அம்மா பொத்தானை அழுத்தினார். செய்தி எதுவும் இல்லை. மறுபடியும் அழுத்தினார். அந்த வசனம் அம்மாவுக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. அப்பா பேசவில்லை என்பது விளங்கியது. மேசைக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். என்னைக் கூப்பிடவில்லை, மெஷினுக்கு என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை.

"போயிட்டார்," என்றார்.

அவ்வளவுதான். மூன்று வருடமாக யார் சொன்னாலும் ஏற்காத மனிசி, மெஷின் சொன்னதை ஏற்றுக்கொண்டார். அன்றைக்கு அவர் பொட்டு வைக்கவில்லை. சனிக்கிழமை காலை வெறும் நெற்றியோடு குசினிக்கு வந்து, ஒன்றும் நடக்காததுபோல உள்ளிப்பூண்டு உரிக்கத் தொடங்கினார். அந்த நெற்றியை எனக்குப் பார்க்க முடியவில்லை. தம்பி மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தான். வெள்ளிக்கிழமைக் கதவு திறக்கப்படாமல் இருந்தது.

நான் கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன். தொப்பியைக் கழற்றி, அலாரத்தைத் திறந்து, பற்றரியை எடுத்து, உள்ளித் தோல்களுக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஏஜன்ற் வந்தது, நான் கழற்றியது, ஞாயிற்றுக்கிழமை பிளக்கை இழுத்தது. அப்பாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை அம்மா, இது என்னால் வந்தது என்றேன். அம்மா பற்றரியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொடங்கினார். அன்றைக்கு அம்மா ஏசியதைப் பதிவுசெய்திருந்தால் அல்பத்துக்குப் பத்தாவது பாட்டு கிடைத்திருக்கும். பிறந்த நாள் முதல் நான் உடைத்தது, தொலைத்தது, மறந்தது எல்லாம் அதில் வந்தன. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. உயிரோடு இருக்கிற மனிசியின் ஏச்சு அது.

ஏசி ஓய்ந்ததும், அப்ப அவரின்ர குரல் இனி எங்கயும் இல்லையோ என்று கேட்டார். தம்பி தயங்கித் தயங்கி, இருக்கிறது, ஆனால் என் குரலும் கலந்துதான் இருக்கிறது என்றான். போடு, கேட்போம் என்றார் அம்மா.

லாப்டொப்பை மேசையில் வைத்து அவன் நாலாவது பாட்டைப் போட்டான். டக், டக் என்று தாளம் தொடங்கியது. அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு பொறுத்தார். அப்பாவின் குரல் வந்ததும் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தார். ஒருத்தரும் இல்லையோ வீட்டில என்று அவர் கேட்க, தம்பி பதில் சொல்ல, அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார். ரயில் வந்தது. அம்மாவின் வரி அதற்குள் போனது. ஆனால் அம்மாவின் உதடு அசைந்தது. அம்மாவை மருந்தை விடாமல் போடச் சொல்லுங்கோ. நூறு தரத்துக்கு மேல் கேட்ட வரி அல்லவா, அவருக்கு ரயில் ஒரு தடையே இல்லை. பாட்டு முடிந்தது.

"உந்தச் சத்தம்," என்றார் அம்மா. "கடைசியில வாற டக். உதுதான் என்னை மூண்டு வரியமாத் தின்னுது. வெடியோ, ஆரும் அடிச்சவங்களோ, கையில இருந்து பறிச்சவங்களோ எண்டு யோசிக்காத நாள் இல்லை. இவன் அதை எடுத்து மேளமா அடிச்சு வைச்சிருக்கிறான்."

மூன்று வருடம் ஒரே அறையில், இரண்டு முழ இடைவெளியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறேன். அம்மா அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. ஒரே சத்தத்தை இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறோம். நான் வாய் திறந்திருந்தால் அவர் அன்றைக்கே நித்திரை கொண்டிருப்பார். எனக்கு என்மேல் வந்த வெறுப்பை எழுத இந்தத் தாள் போதாது.

"அது நான், அம்மா," என்றேன். "நான் ரிசீவரைத் தூக்கின சத்தம்."

தம்பி லாப்டொப்பை மூடினான். தலையணையையும் அன்ரியையும் ஓடியதையும் சொல்லி முடித்தேன். அம்மா ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. முன்னால் கிடந்த உள்ளிப் பல்லொன்றை எடுத்து உரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி.

"அப்ப, நீ எடுத்தது அவருக்குக் கேட்டதோ?"

அவர் கண்ணில் மூன்று வருடமாக நான் காணாத ஒன்று இருந்தது. கேட்டது என்றால் ஒரு மாதிரி, கேட்கவில்லை என்றால் இன்னொரு மாதிரி, அந்த முகம் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"ஓம்," என்றேன்.

"என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. மூச்சு விட்ட சத்தம் கேட்டது. பிறகு கட்டாயிட்டுது."

அம்மா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கு முன்னால் போய்ப் பொட்டை வைத்தார். வீட்டில் ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் அவர் ரெலிபோனை வைத்திருக்கிறார் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். வெள்ளிக்கிழமைக் கதவையும் சனிக்கிழமைக் கதவையும் திறந்தார். இரண்டு நாள் மருந்தையும் ஒன்றாகப் போடாதீர்கள் என்று தம்பி ஓடிப் போய்க் கையைப் பிடித்தான்.

கதை அதோடு முடிந்திருந்தால் எனக்கு நல்லது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து, நாலாவது பாட்டில் ஒரு சின்னத் திருத்தம் என்றான். பாட்டின் கடைசியில் டக் என்ற சத்தத்துக்குப் பிறகு அந்த மூச்சு வர வேண்டும். தான் செய்து பார்த்தானாம், சரியாக வரவில்லையாம்.

"உங்களுக்குத்தானே தெரியும் அக்கா, அது எப்பிடி இருந்ததெண்டு. ஒருக்கா செய்து தாங்கோவன்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அம்மா கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அலுமாரிக்குள் போய் முழங்காலை மடித்து உட்கார்ந்தேன். அம்மாவின் சேலைகள் முகத்தில் பட்டன. தம்பி கதவைச் சாத்தினான். வெளியே அவன் பொத்தானை அழுத்தியது கேட்டது. முதல் தடவை அழுகை மாதிரி வந்துவிட்டது. இன்னொருக்கா என்றான். இரண்டாவது தடவை சரியாக வந்தது. ஓம், அவர் கதைக்க முதல் அப்பிடித்தான் மூச்செடுப்பார் என்று அம்மா வெளியே சொன்னார்.

அந்த அல்பத்தை அவன் நண்பர்கள் கேட்டார்கள். வென்ட்வேர்த்வில் கடையொன்றில் போன் கார்ட்டுகளுக்குப் பக்கத்தில் பத்திருபது சீடிகள் கொஞ்ச நாள் இருந்தன. அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அம்மா மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்கிறார். முதல் மூன்று பாட்டையும் தாண்டி நேரே நாலாவதுக்குப் போக அவருக்கு இப்போது தெரியும். தாளத்தைப் பொறுத்துக்கொள்வார். ரயிலுக்குள் தன் வரியைத் தானே சொல்லிக்கொள்வார். கடைசி டக் வந்ததும், பிள்ளை எடுத்திட்டாள் என்பார். பிறகு அந்த மூச்சைக் கேட்டுவிட்டுப் பொட்டு வைப்பார்.

நான் குசினியில் நிற்பேன். நான் ரிசீவரைக் காதில் வைத்தபோது அங்கே மூச்சு இருக்கவில்லை. விட்டு விட்டு அடிக்கும் டூ, டூ மட்டும்தான் இருந்தது. அப்பா அதற்கு முன்பே வைத்துவிட்டார்.